புரட்டாசி கழிந்த ஞாயிறு

படகு இன்னும் முகத்துவாரத்தையே தாண்டவில்லை, அதற்குள் எதுக்குடி தொண்டையைச் செருமிச் செருமிப் பார்க்கிறாய், இருக்கிற கொஞ்சத்தையும் இங்கேயே தீர்த்துவிட்டு மீன் இறங்கும்போது ஊமைச்சியாட்டம் நிற்கவா என்று அஞ்சலாட்சி தன்னைத்தானே அதட்டிக்கொண்டு, முந்தானையைக் கழுத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். மணி ஆறரை இருக்கும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இருபத்துமூன்று வருஷமாக மீன் ஏலம் கூவுகிறவள் அவள். அவளுக்குச் சோறு போட்டது கையுமில்லை காலுமில்லை, தொண்டை. அந்தத் தொண்டையைத்தான் நாற்பத்தோரு நாளைக்கு முன்னால் திறந்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டியை எடுத்துப் போட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்த டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, என்னம்மா வேலை செய்யறீங்க என்று கேட்டார். மீன் ஏலம் உடறேன் சார், கத்துற வேலை என்றாள். மனுஷர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். குரல் நரம்பு அந்தக் கட்டிய ஒட்டிக்கிட்டுத்தாம்மா போவுது, அதத் தொடாம எடுக்க என்னால முடிஞ்ச வரைக்கும் பாக்கறேன் என்றார். அவர் அப்படி நிமிர்ந்து பார்த்ததை இவள் மறக்கவே மாட்டாள். நல்லா இருக்கணும் அந்த மகராசன், அவர் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும். நாற்பது நாள் வாயே திறக்கக் கூடாது என்றார், திறக்கவில்லை. நேற்று ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீர் சத்தத்தில் ஒளிந்துகொண்டு, முதல் முறையாகக் கூவிப் பார்த்தாள். ஐநூறு. வந்தது! அறுநூறு. அதுவும் வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. அறுநூற்று ஐம்பது என்று ஒரு படி ஏற்றினாள், வெறும் காற்றுத்தான் வந்தது. குழாயை மூடிவிட்டு அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அறுநூற்று ஐம்பதிலிருந்து குரல் இல்லை. இதை யாரிடம் சொன்னால் புரியும்? ஏலத்தில் விலை ஏற ஏறக் குரலும் ஒரு படி ஏற வேண்டும், அதுதான் இந்தத் துறையில் வழக்கம். விலை கேட்டுத் தலையாட்டுகிறவன் காசைப் பார்த்து ஆட்டுவதில்லை, குரல் ஏறுகிற வேகத்தைப் பார்த்துத்தான் ஆட்டுகிறான், அடடா விட்டால் போய்விடும்போல இருக்கிறதே என்று. குரல் நின்ற இடத்தில் விலையும் நின்றுவிடும். அதுவும் இன்றைக்கென்று பார்த்து! புரட்டாசி முடிந்து வருகிற முதல் ஞாயிறு. பெருமாளுக்காக ஒரு மாசம் வாயைக் கட்டினவர்கள் எல்லாரும் விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடுகிற நாள். போன மாசம் கிலோ நானூறுக்குச் சீந்த ஆளில்லாமல் கிடந்த வஞ்சிரம் இன்றைக்கு எண்ணூறைத் தொடும், சந்தேகமே இல்லை. டவுனிலிருந்து வருகிற பொம்பளைகள், என்னாம்மா, போன வாரம் ஒரு விலை சொன்னே, இந்த வாரம் ஒரு விலை சொல்றே, உன் இஷ்டமா என்பார்கள். என் இஷ்டமா? அடி என் கண்ணே, என் இஷ்டத்துக்கு விலை வைக்க முடிந்தால் நான் ஏன் இங்கே சேற்றில் நிற்கிறேன்? பௌர்ணமி வெளிச்சத்தில் மீன் கலைந்துபோனால் விலை ஏறும், கிருத்திகைக்கு இறங்கும், கேரளத்து லாரி ஒன்று வழியில் டயர் வெடித்து நின்றால் அதற்கும் இறங்கும், ஐஸ் பேக்டரியில் கரண்ட் போனால் மத்தியானத்துக்குள் விற்றாக வேண்டுமே என்று இன்னும் இறங்கும். இறால் விலையைச் சொல்வது யாரோ, எந்த தேசத்திலோ உட்கார்ந்திருக்கிற துரை, அவன் வீட்டில் விருந்தா இழவா என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் மீனில் மருந்து போடுகிறார்கள் என்று எவனோ செல்போனில் கிளப்பிவிட்டான், அன்றைக்கு நல்ல சங்கரா மீனைக் கருவாட்டுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். இத்தனையும் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் ஏலக்காரி முதல் விலையைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டாலும் ஆயிற்றா, முதல் தலை ஆட வேண்டுமே! முதல் தலை ஆடுகிற வரைக்கும்தான் பாடு, ஒருத்தன் ஆட்டிவிட்டால் மற்றவன் எல்லாம் தானாக வருவான், இவன் எதையோ தெரிந்து வைத்திருக்கிறான் என்று. விடிந்ததிலிருந்து கழுத்துத் தழும்பு வேறு சுரீர் சுரீர் என்று இழுக்கிறது. ஈரக் காற்று பட்டால் இழுக்கும் என்று அந்த நர்ஸ் பெண் சொல்லித்தான் அனுப்பினாள். காற்று வடக்கிலிருந்து அடிக்கத் தொடங்கிவிட்டதோ என்னவோ, முந்தானையின் நுனி தெற்குப் பக்கமாகவே அடித்துக்கொண்டிருந்தது.

நாலடி தள்ளி, ஐஸ் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கனகவல்லி நின்றாள். அதுதான் அவள் இடம், இவள் இடம் இந்தப் பக்கம். பதினெட்டு வருஷமாக அந்த வாய்க்காலை அவளும் தாண்டியதில்லை, இவளும் தாண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேரும் கூவுவார்கள், இவளைச் சுற்றி நிற்கிற வியாபாரியை அவள் குரல் இழுக்கும், அவளைச் சுற்றி நிற்பவனை இவள் குரல் இழுக்கும். நேருக்கு நேர் சண்டை என்று எதுவும் கிடையாது, எல்லாம் சாடைப் பேச்சுத்தான். சில பேருக்கு வாய்தான் பெருசு, வஞ்சிரம் சிறுசு என்று காற்றோடு சொல்வாள் கனகவல்லி. சில பேருக்கு ரெண்டுமே சிறுசு என்று இவளும் காற்றோடு சொல்வாள். அப்படிப்பட்டவள். இவளுக்குக் கழுத்தை அறுத்த மறுநாள், இவள் ஏலம் விடுகிற மாசிலாமணியின் படகு வந்து நிற்கிறது, கூவ ஆளில்லை. மீன் காத்திருக்குமா? மாசிலாமணி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாராம். கனகவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி வந்தாளாம். மீனை அவள் பக்கம் இழுத்துப் போடவில்லை, பார். அப்படிச் செய்திருந்தால் ஒரு வாரத்தில் அந்தப் படகே அவளுடையதாகியிருக்கும், யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவள் இவளுடைய இடத்தில் வந்து நின்று, இவள் பலகை மேல் ஏறி, அஞ்சலாட்சி ஏலம், அஞ்சலாட்சி ஏலம் என்று கூவினாளாம். நாற்பது நாளும் அப்படித்தான். தன் ஏலத்தை முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவது, இதை முடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போவது. ஏலம் விட்டவளுக்கென்று படகிலிருந்து குழம்புக்கு ரெண்டு மீன் கொடுப்பார்கள், கறிமீன் என்று. அந்தக் கறிமீன் நாற்பது நாளும் காலை எட்டு மணிக்கு இவள் வீட்டு வாசல் கொக்கியில் பையோடு தொங்கியது. யார் மாட்டினது என்று சொல்ல ஆளில்லை, கதவைத் தட்டவும் இல்லை. இவளும் பெரிய இவளாட்டம் வாங்கி வாங்கிக் குழம்பு வைத்துத் தின்றாள். தின்றுவிட்டுச் செய்தாயே ஒரு காரியம், அடிப் பாவி, அதை நினைத்தால் தழும்பு இழுக்கிறதா நெஞ்சு இழுக்கிறதா என்றே தெரியவில்லை.

வீடு துறைமுகத்துக்கு ரெண்டு தெரு பின்னால்தான். பாயில் படுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறவளுக்குக் காதுதானே மிச்சம்? கனகவல்லி கூவுவது காலையில் அப்படியே கேட்கும். ஒருநாள் கேட்டது, அஞ்சலாட்சி ஏலம், வஞ்சிரம் நானூறு, நானூத்திப் பத்து, நானூத்திப் பத்து, ஆச்சு. நானூற்றுப் பத்தா! எழுநூறுக்குப் போகிற மீன் நானூற்றுப் பத்தா! எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இதுதானா சங்கதி, வேண்டுமென்றே அடிமாட்டு விலைக்குத் தள்ளி, அஞ்சலாட்சி இடத்தில் இனி விலை போகாது என்று மாசிலாமணிக்குக் காட்டி, படகைத் தன் பக்கம் இழுக்கத்தானா இவ்வளவு நாடகம்? கறிமீன் வேறு, பசப்பு! காலண்டர் பின்பக்கத்தைக் கிழித்து எழுதினாள், கனகவல்லியிடம் இனி நம்ம மீனைக் கொடுக்க வேண்டாம், அவள் விலையைக் கெடுக்கிறாள் என்று. மாசிலாமணி பார்க்க வந்தபோது கையில் திணித்தாள். மனுஷர் படித்தார், இவள் முகத்தைப் பார்த்தார், மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் வாசலில் பிள்ளைகள் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு, சொம்பைத் தூக்கிக்கொண்டு, கோவிந்தா கோவிந்தா என்று அரிசி கேட்டு வந்து நிற்கிறார்கள். அரிசியை அள்ளிப் போடப் போன கை அப்படியே நின்றது. ஐயோ, புரட்டாசி! மாத்திரை மயக்கத்தில் நாள் கணக்கு தப்பி, இவள் தலைக்குள் ஆவணியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கிழித்த காலண்டர் தாளிலேயே தேதி இருந்திருக்குமே, குருட்டு முண்டம், பின்பக்கத்தைத்தானே பார்த்தாய்! ஊரில் யார் வேண்டுமானாலும் புரட்டாசியை மறக்கலாம், ஏலக்காரி மறப்பாளா? அடுத்து மாசிலாமணி வந்தபோது கையை ஆட்டிக் கேட்டாள், அன்றைக்கு மற்றவர்கள் என்ன விலைக்கு விற்றார்கள் என்று. அவரும் விரலையே காட்டினார். முந்நூற்று இருபது. செத்துக் கிடந்த சந்தையில், எல்லாரும் முந்நூற்று இருபதுக்குக் கொடுத்த மீனைத் தொண்ணூறு ரூபாய் கூட்டி விற்றிருக்கிறாள் அந்தப் பெண், அதுவும் இன்னொருத்தி பேரைச் சொல்லி.

படகு வந்து முட்டியது. மாசிலாமணி மேலிருந்தே, அஞ்சல, இன்னைக்கு வஞ்சிரம் மட்டும் நாப்பது கிலோ, சாமி குடுத்துட்டாரு என்று சத்தம் போட்டார். பக்கத்திலேயே கனகவல்லி ஏலம் விடுகிற படகும் வந்து அணைந்தது, அதிலும் வஞ்சிரம், அதுவும் ஏறக்குறைய அத்தனையேதான். வேணும் உனக்கு! ஒரே சரக்கு, ஒரே நேரம். முதலில் முடிகிற ஏலத்துக்குத்தான் நல்ல விலை, பசியோடு இருக்கிற வியாபாரி அதில் வயிற்றை ரொப்பிக்கொண்டால் அடுத்ததற்கு மிச்ச மீதிதான். மாசிலாமணி மீனை அடுக்கிவிட்டுக் கிட்டே வந்தார். எப்படி இருக்குது தொண்ட, முடியலைன்னா சொல்லு, கனகவல்லிகிட்டச் சொல்லிக்கலாம் என்றார். முடியும் என்று தலையசைத்தாள். அந்தச் சீட்டு என்று மெல்ல ஆரம்பித்தாள், அதை அவகிட்ட… அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, மீனப் பாரு, வெயில் வருது என்றார். அப்படியென்றால் சொல்லிவிட்டாரா, சொல்லவில்லையா? திரும்பிப் பார்த்தாள். கனகவல்லி தன் மீனுக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள், அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பலகை மேல் ஏறினாள். கேரளத்து வியாபாரி வறீது முன்வரிசையில் நின்றார், எங்கே போனாலும் முதலில் நிற்கிற மனுஷர், பின்னால் பாண்டிச்சேரி ஆட்கள், பண்ருட்டி, விழுப்புரம் என்று முப்பது நாற்பது தலை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஒரே இரைச்சல். வஞ்சிரம், ஐநூறு என்றாள். வந்தது! தாயே, வந்தது. வறீது சேட்டன் தலை ஆடியது. ஐநூத்தி ஐம்பது, அறுநூறு, அறுநூத்தி இருபது, வறீது, பாண்டி, பண்ருட்டி, பாண்டி. அறுநூத்தி நாற்பது. தொண்டைக்குள் அந்த இடம் வருகிறது, தெரிகிறது, குழாயடியில் அறுந்த அதே இடம். அறுநூத்தி ஐம்பது என்று வாய் அசைந்தது, காற்று வந்தது. என்னா, கேக்கலயே என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். எவ்வளவு, எவ்வளவு என்று இன்னொருத்தன். மறுபடி முயன்றாள், காற்று. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். வறீதின் ஒரு கால் வாய்க்கால் பக்கம் திரும்பிவிட்டது. அங்கேதான் இதே மீன் கிடக்கிறதே, மணி மணியாகக் கூவ ஆளும் நிற்கிறதே, எவன்தான் இங்கே நிற்பான்? இன்னும் ஏலத்தை ஆரம்பிக்காமல் ஐஸ் போட்டுக்கொண்டிருக்கிற கனகவல்லி ஒரு வார்த்தை கூவினால் போதும், மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கூவட்டும், அவளுக்கு அந்த உரிமை இல்லையா, அவள் படகுக்காரன் பிழைக்க வேண்டாமா? கூவினால் நான் குறை சொல்ல மாட்டேன், என் பிள்ளைமேல் சத்தியம். கனகவல்லி ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்தாள்.

ஏலக்காரி உட்கார்ந்தால் ஏலம் இல்லை என்று அர்த்தம். யோவ் என்றாள், உட்கார்ந்தபடியே, அந்த வெண்கலக் குரலில். இங்க என்னாத்தப் பாக்கற? யக்கா முடிக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன். வஞ்சிரம் வேணும்னா வாயப் பொத்திக்கிட்டு அங்க நில்லுங்க, இல்லன்னா போயி ஞாயித்துக்கெழமையும் அதுவுமா சாம்பார் வெச்சுத் தின்னுங்க! ஒரு சிரிப்பு எழுந்தது, அடங்கியது. அப்புறம் அந்தத் துறையில் யாரும் கேட்டிராத ஒன்று நடந்தது. சத்தம் நின்றது. ஐஸ் உடைக்கிறவன் கையை நிறுத்தினான். காக்கை கத்துவதும், படகுப் பலகையில் தண்ணீர் இடிப்பதும் கேட்டன. அறுநூத்தி ஐம்பது என்றாள் அஞ்சலாட்சி, வெறும் காற்றாகத்தான், ஆனால் நாற்பது பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். எழுநூறு. தலை ஆடியது. எல்லாரும் கிட்டக் கிட்ட நின்றதில் ஒருத்தன் ஆட்டுவதை மற்றவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுநூத்தி ஐம்பது. குரல் ஏறவில்லை, விலை ஏறியது! இத்தனை வருஷம் கத்தினேனே தாயே, இப்படியும் ஒரு வழி இருந்ததா? எண்ணூறு. எண்ணூத்தி இருபது, பாண்டி. எண்ணூத்தி நாற்பது, வறீது. ஆச்சு என்று கையைத் தட்டிவிட்டு, பலகையிலிருந்து இறங்கியபோது கண்ணில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது, துடைக்கவும் தோன்றவில்லை.

ஆனால் ஏலக்காரி மனசு, அழுதுகொண்டே கணக்குப் போடும். வறீது எடுத்துவிட்டார், லாரியை நோக்கி நடக்கிறார். அவரோடு நாலு பேர் போய்விட்டார்கள், மிச்சம் நிற்கிறவர்களும் வாட்சைப் பார்க்கிறார்கள். எண்ணூற்று நாற்பதுக்குப் போயிருக்க வேண்டிய கனகவல்லியின் மீன் இனி அறுநூறு போனால் பெரிசு. கிலோவுக்கு இருநூற்று நாற்பது ரூபாயைக் கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தபடி தூக்கிக் கொடுத்திருக்கிறாள் இந்தப் பெண். அஞ்சலாட்சி வாய்க்காலைத் தாண்டினாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை, ஒரே எட்டுத்தான். கனகா என்று சொல்லப் பார்த்தாள், இப்போது காற்றுக்கூட வரவில்லை, மொத்தமும் தீர்ந்துவிட்டது. சும்மா இரு யக்கா, பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல என்றபடி கனகவல்லி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நானூத்திப் பத்துக்கு வித்துட்டேன்னு சீட்டு எழுதிக் குடுத்தியாமே என்றாள். எல்லாம் மாசிலாமணி அண்ணன் அன்னைக்கே காட்டிடுச்சு, நான் ரெண்டு நாளு சிரிச்சேன், பொறக்கப் போற வருஷத்துக்கு நல்ல காலண்டரா வாங்கித் தர்றேன், இந்தத் தடவ முன்பக்கம் பாரு என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பலகைமேல் ஏறிவிட்டாள்.

அன்றைக்கே தெரியும்! அன்றைக்கே தெரிந்தும் மறுநாள் காலையில் கறிமீன் வாசலில் தொங்கியதே, அதற்கும் மறுநாள், அதற்கும் மறுநாள். இதற்கு என்ன சொல்வது, எந்த வாயால் சொல்வது, வாய்தான் இருக்கிறதா? கனகவல்லி கூவினாள், வஞ்சிரம், எழுநூறு. யாரும் அசையவில்லை. எழுநூறு, எழுநூறு. ஒருத்தன் கொட்டாவி விட்டான். முதல் தலை இல்லை. அவள் இனி அறுநூற்று ஐம்பதுக்கு இறங்குவாள், அப்புறம் அறுநூறு, இறங்க ஆரம்பித்தால் அது நிற்காது, அஞ்சலாட்சிக்குத் தெரியாதா? முந்தானை நுனி தெற்கே அடித்தது. தழும்பு சுரீரென்று இழுத்தது. வாடை. வாடைதான், சந்தேகமே வேண்டாம், சாயங்காலத்துக்குள் புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றிவிடுவார்கள், நாளைக்கு ஒரு படகும் போகாது, நாளை மறுநாளும் போகாது, ஐஸில் வைத்தால் இந்த மீன் எண்ணூறுக்கு ஒரு காசு குறையாது. நாற்பது கிலோவும் தன் தலையில் விழுந்தாலும் தூக்கிக்கொண்டு போகலாம், விழட்டும். இந்தத் துறையில் ஏலக்காரி இன்னொருத்தி ஏலத்தில் தலையாட்டியது கிடையாது. அஞ்சலாட்சி முன்வரிசைக்குப் போனாள். கழுத்தில் சுற்றிக் கிடந்த முந்தானையை நீக்கினாள், தழும்பு தெரியட்டும் என்று. கனகவல்லியின் கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், நன்றாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

பின்னால் முணுமுணுப்புக் கிளம்பியது. ஏலக்காரியே தலையாட்டுது பாருடா, என்னமோ தெரிஞ்சிருக்குது. ஒருத்தன் அண்ணாந்து வடக்கே பார்த்தான், இன்னொருத்தன் செல்போனை எடுத்தான். கேட்ட விலையைக் கேட்டவர் பேரோடு திருப்பிச் சொல்ல வேண்டும், அது ஏலக்காரியின் கடமை. கனகவல்லி வாயைத் திறந்தாள். எழுநூறு, யக்கா எழுநூறு என்று சொல்ல வந்தாள். எழுநூறு வந்தது. யக்கா என்கிற இடத்தில், கட்டியுமில்லாத, கத்தியும் படாத அந்த வெண்கலத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் ஒருமுறை செருமினாள், இரண்டாம் முறையும் செருமினாள். அதற்குள் எழுநூற்று இருபதுக்குப் பண்ருட்டிக்காரன் தலை ஆடிவிட்டது.